அழுகைக்கு ஒரு கோடு

அழுகிற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அழுகை தானாக அடங்கிவிடும் என்று மதலேனம்மாவுக்கு முதலில் சொன்னவர் சுபாஷிணி மிஸ். போன வாரம் திங்கட்கிழமை, அசெம்பிளி முடிந்து எல்.கே.ஜி. பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்த கையோடு, வகுப்பு வாசலில் நின்று சொன்னார். நடுவில் சனி ஞாயிறு போக இன்றைக்கு ஏழாம் நாள். இன்றைக்கும் தர்ணிகா அழுகிறாள். அவள் அப்பா கேட்டில் இறக்கிவிட்டுத் துவாக்குடி பட்டறைக்கு வண்டியைத் திருப்பினதும் தொடங்கினது, இன்னும் ஓயவில்லை. மதலேனம்மா கதவோரத்தில், பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்து, முகத்தைத் தாழ்வாரத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறாள். மடியில் ஓர் அட்டை, அட்டையில் கட்டம் போட்ட தாள், காதில் செருகின பென்சில். பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. அழுகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு கோடு போடணும். அதுதான் மிஸ் கொடுத்த வேலை. முதல் நாள் மிஸ்ஸே செல்போனில் நேரம் பார்த்துக் கோடு போட்டுக் காட்டினார், முப்பத்தொன்று வந்தது. மறுநாளிலிருந்து அவருக்குப் பாடம் நடத்தணும், கோடு ஆயாம்மா பொறுப்பு. சுவர்க் கடிகாரமோ தர்ணிகாவின் மூலைக்கு நேர் மேலே தொங்குகிறது. மணி பார்க்கப் போனால் கண் பிள்ளை மேல் விழுந்துவிடும். ஆயாக்களின் போனை ஆபீஸில் வாங்கி வைத்துவிடுவார்கள். கைக்கடிகாரம் கட்டி அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் அன்று வீட்டுக்குப் போனதும் கடிகாரத்தை எதிரே வைத்துச் சொல்லிப் பார்த்து ஒரு கணக்குப் பிடித்துக்கொண்டாள்: அருள் நிறைந்த மரியே மூன்று சொன்னால் ஒரு நிமிஷம். மூன்று மணி உருண்டால் ஒரு கோடு. மிஸ்ஸிடம் இதைச் சொல்லவில்லை, கூச்சம். இப்போது எட்டாவது மணி. இல்லை, ஏழா? எங்கே விட்டாள். காலையில் பூசை கண்டு, இரண்டு பஸ் மாறி வந்த கால் புட்டுக்குழாய் மாதிரி வீங்கியிருக்கிறது. மாதாவே, இந்தப் பிள்ளைக்கு ஒரு சமாதானத்தைக் கொடு, எனக்கும் கொடு, முதலில் அவளுக்கே கொடு.

அழுகையில் வகை உண்டு. பசிக்கு அழுவது வயிற்றிலிருந்து விட்டுவிட்டு வரும். தூக்கத்துக்கு அழுவது மூக்கில் இழுக்கும். எறும்பு கடித்தால் ஒரே கீச்சு. மூன்று பிள்ளை வளர்த்தவளுக்கு இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. இது அம்மாவைக் கேட்கிற அழுகை. தர்ணிகாவின் அம்மா இரண்டாம் பிரசவத்துக்கு மணப்பாறையில் தாய்வீட்டுக்குப் போய் ஒன்றரை மாதமாகிறது. பெரியவளுக்குப் படிப்பு கெடக் கூடாதென்று அப்பாவோடும் அத்தையோடும் காட்டூரில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நாலு வயசில் என்ன படிப்பு கெட்டுவிடும், ஆனா ஆவன்னா எங்கே ஓடிவிடப் போகிறது. அழுகை உச்சிக்குப் போகும்போதெல்லாம் மதலேனம்மாவின் மார்பில், இரண்டு பக்கமும், ஊசி ஏற்றுகிற மாதிரிச் சுருக்கென்கிறது. ஐம்பத்தெட்டு வயசு. கடைசிப் பிள்ளை பால் மறந்து இருபத்தாறு வருஷம். பஸ்ஸில் யாரோ பெற்ற பிள்ளை வீறிட்டால்கூட இந்தச் சுருக்கு வந்துவிடுகிறது. சின்னவன் கைக்குழந்தையாய் இருந்தபோது பொன்மலைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள், எங்கேயோ ஒரு குழந்தை அழ, ரவிக்கை நனைந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்; வெங்காயக்காரம்மா பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போ ஆத்தா, வெங்காயம் எங்க போயிரும்" என்றாள். இதை மிஸ்ஸிடம் ஒருநாள் சோற்றுவேளையில் சொன்னபோது மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். "அதேதான் ஆயாம்மா! மணிச் சத்தம் கேட்டா நாய்க்கு எச்சில் ஊறும்னு படிச்சேன்ல, அதேதான். உங்க உடம்பே பாடம் படிச்சிருக்கு" என்று டிபன் பாக்ஸ் மூடியால் மேஜையைத் தட்டினார். நாயை எதுக்குக் கஷ்டப்படுத்தினாங்க மிஸ், பன்னெண்டு மணிக்குக் கோயில் மணி அடிச்சா எங்க வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிட்டு உட்காருவாரே, அவரைக் கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரே என்று மதலேனம்மா கேட்க, மிஸ்ஸுக்குச் சிரிப்பில் தயிர்சாதம் புரையேறிவிட்டது. நல்ல பிள்ளை. இருபத்தினாலு வயசு, இருபத்தெட்டு வாண்டுகளைக் கட்டி மேய்த்துக்கொண்டு, தபாலில் பி.எட். படிக்கிறது. அதற்குக் கட்டுரை ஒன்று எழுதிக் கொடுக்கணுமாம், செயலாய்வு. ஒரு பிள்ளையின் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதை மாற்றிக் காட்டி, படம் போட்டுக் கொடுக்கணும். உடம்பு படித்த பாடம் என்றாரே மிஸ். படித்ததை உடம்பு மறக்க என்ன செய்யணும் என்று அன்றைக்குக் கேட்காமல் போய்விட்டோம். பத்து. பத்து மணியும் உருண்டாயிற்று, இனி ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும் சொல்லணும். கோடு போட்டோமா? மூன்று கோடு இருக்கிறது. சரி.

அடிக்கிறதில்லை, அதைச் சொல்லணும். முன்னே இருந்த மிஸ் காதைத் திருகுவார், தொடையில் கிள்ளுவார். சுபாஷிணி மிஸ் விரல்கூட வைத்ததில்லை. "அடிச்சா அடிக்கிறவங்களுக்குப் பயப்படத்தான் படிக்கும் ஆயாம்மா, வேற ஒண்ணும் படிக்காது" என்பார். அது நெசம். மதலேனம்மாவுக்கு எட்டாவதோடு நின்ற படிப்பு. கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு கேட்கும்போது பிரம்பை மேஜை விளிம்பில் தேய்ப்பார். வாய்ப்பாடு மறந்துவிட்டது, ஏழெட்டு எத்தனை என்றால் இன்றைக்கும் விரல் விடணும். ஆனால் மரத்தில் மரம் தேய்கிற சத்தம் கேட்டால் அடிவயிறு இறங்குகிறது, தச்சன் வீட்டுக்குக் கதவு மாட்ட வந்தால்கூட. மிஸ்ஸின் வழி அப்படி இல்லை. நல்லது செய்தால் உடனே கையில் ஸ்மைலி முத்திரை. உடனே குத்தணுமாம், நாளைக்குத் தருகிறேன் என்றால் பிள்ளைக்கு எதற்கென்று தெரியாதாம். அந்த ஜெசிந்தா, வாயாடி, கை கழுவினால் ஸ்மைலி என்றதும் ஒரு காலையில் ஒன்பது தரம் கழுவினாள், ஒன்பதாம் தரம் பார்த்தால் முதலில் வாங்கின முத்திரையெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது, அன்றிலிருந்து கை கழுவச் சொன்னால் முஷ்டியை மூடிக்கொண்டு ஓடுகிறாள். "இதைப் புஸ்தகத்துல போட மறந்துட்டாங்க மிஸ்" என்று மதலேனம்மா சொன்னாள். ஆனாலும் பலிக்கத்தான் செய்கிறது. கடிக்கிற பிள்ளை கடிப்பதை விட்டது, செருப்பெல்லாம் வரிசையில் நிற்கிறது. அழுகைக்கு மட்டும் முத்திரை இல்லை. அழுகைக்கு, திரும்பிப் பார்ப்பதே முத்திரையாம். "நீங்க ஒரு பார்வை பார்த்தாப் போதும் ஆயாம்மா, அழுதா ஆள் வரும்னு அது பதிஞ்சுபோகும். அதுலயும், அஞ்சு நாள் பார்க்காம இருந்துட்டு ஆறாம் நாள் பார்த்தீங்கன்னா அதைவிட மோசம். இன்னும் கொஞ்சம் அழுதா வருவாங்கன்னு படிச்சுக்கும். அடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரொம்பக் கூடும், அப்பதான் நீங்க விட்டுக்கொடுக்கக் கூடாது." அணையப் போகிற விளக்கு தூண்டி எரிகிற மாதிரி என்று மதலேனம்மா சொன்னாள். "கரெக்ட்!" என்றார் மிஸ். அவளுக்குத்தான் அப்புறம் வெகு நேரம் அந்தச் சொல் காதிலேயே நின்றது. அணைகிறதில் என்ன நல்லது இருக்கிறது. எத்தனையாவது மணி? பதினாலு. பதிமூன்று. ஆண்டவரே, எண்ணிக்கை தப்பிப்போனால் தப்பினதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

முதலில் சொன்னவர் மிஸ் இல்லை. இதை நினைக்கக் கூடாதென்றுதான் அவள் காலையிலிருந்து மணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் சொன்னவர் அவள் வீட்டுக்காரர் சூசைராஜ். ஒன்பது வருஷத்துக்கு முன்னே, அமலியைப் பெரம்பூரில் கட்டிக்கொடுத்த மூன்றாம் மாசம். அமலி நடுப்பிள்ளை, ஒரே மகள். தினமும் சாயங்காலம் ஆறேகாலுக்குப் போன் பண்ணுவாள். அது மாமியார் பூசைக்குப் போகிற நேரம். எடுத்ததும் அழுகைதான். அம்மா, சோறு குழைஞ்சா கொட்டிட்டு மறுபடி வடிக்கச் சொல்றாங்க. அம்மா, அவர் ஒண்ணுமே பேசமாட்டேங்குறார். அம்மா, வந்து கூட்டிட்டுப் போயேன், ரெண்டே நாள். சூசைராஜ் கெட்டவர் இல்லை, பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் இரும்பு தூக்கினவர், மகள் என்றால் உயிர். அவர்தான் சொன்னார்: "நீ எடுக்கிறதாலதான் அவ அழுவுறா. எடுக்காத. நாலு நாள் அழுவா, அப்புறம் அங்கேயே பழகிக்குவா. எல்லாப் பொண்ணும் பழகலையா, நீ பழகலையா." அதே சொல்லு, மாதாவே, மிஸ் புஸ்தகத்தில் படித்ததை அந்த மனுஷன் புஸ்தகம் இல்லாமலே சொன்னார். போன் அடித்தது. சாமி படத்துக்குக் கீழே, தையல் மிஷின் மேல், வெளிச்சம் போட்டுப் போட்டு அடித்தது. அவள் சுவரோடு சாய்ந்து நின்று ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள், இதே மாலை. முதல் நாள் மூன்று தரம் அடித்தது. இரண்டாம் நாள் ஐந்து தரம். மூன்றாம் நாள் பதினொரு தரம். தூண்டி எரிந்தது. நாலாம் நாள் ஒரு தரம். ஐந்தாம் நாள் ஆறேகால், ஆறரை, ஏழு, ஒன்றும் இல்லை. "பார்த்தியா" என்றார் அவர். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் வந்தது. நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. பிள்ளைய ஸ்கூல்ல சேர்த்தாச்சும்மா. அப்புறம் திருவிழாவுக்குத் திருவிழா. குரலில் ஒரு குறை சொல்ல முடியாது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரிச் சுத்தமாய் இருக்கும். ஒரு வருஷம் கழித்துத்தான் அமலிக்கு அந்த மூன்றாம் மாசம் ஒரு கரு கலைந்தது என்று மூத்த மருமகள் வாயிலாகத் தெரிந்தது. பதினொரு தரம் அடித்த அன்றைக்கா, முந்தின நாளா என்று மதலேனம்மா கேட்கவில்லை. கேட்டால் அமலி, "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப" என்பாள். பழகிக்கொண்டாள். சூசைராஜும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஆறேகாலுக்கு அவரே போனை எடுத்துச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறார்.

ஐந்து கோடு. ஐந்துதானா? தர்ணிகா அழுதுகொண்டே இருக்கிறாள், மிஸ் கரும்பலகையில் வாத்து எழுதி, பிள்ளைகள் கத்தி, அழித்து, வாழைப்பழம் எழுதி, கத்தி, பாட்டு ஒன்று பாடி முடித்து, இப்போது களிமண் உருண்டை கொடுத்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவும் ஐந்து நிமிஷத்திலா? அவள் தாளைப் பார்க்கிறாள். திங்கள் முப்பத்தொன்று. செவ்வாய் இருபத்தேழு. புதன் இருபத்திரண்டு, வியாழன் பதினெட்டு, வெள்ளி பதினைந்து, நேற்று பதினொன்று. வெள்ளிக்கிழமையே மிஸ் அதுவரைக்கும் உள்ளதைப் படமாய்ப் போட்டு, சறுக்குமரம் மாதிரி இறங்குகிற கோட்டைப் பெரிய மிஸ்ஸிடம் காட்டினார், தர்ணிகாவின் அப்பாவிடமும் காட்டினார். "பாருங்க சார், எப்படிக் குறையுது." அந்த மனுஷன் கரி படிந்த விரலால் தாளைத் தொடாமல் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப ஞாயித்துக்கெழம மணப்பாறைக்குக் கூட்டிட்டுப் போயி அவங்கம்மாவக் காட்ட வேணாங்களா மிஸ்?" என்று கேட்டார். "இப்ப வேணாம் சார், பழகிட்டு வரா, கெட்டுடும்" என்றார் மிஸ். மதலேனம்மா பக்கத்தில் விளக்குமாறோடு நின்றாள். அன்றைக்கு உறைக்காதது இப்போது, ஐந்து கோட்டைப் பார்க்கும்போது, சோற்றுக்கல் மாதிரிப் பல்லில் படுகிறது. வீட்டில் கடிகாரத்துக்கு எதிரே சொன்ன மரியே வேறு, இங்கே சொல்கிற மரியே வேறு. இங்கே பாதி ஜெபத்தில் நிற்கிறாள், பெரம்பூருக்குப் போகிறாள், வருகிறாள், எந்தப் பாதியில் விட்டோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். ஒரு மணி உருள ஒரு நிமிஷம் ஆகிறது, சில சமயம் இரண்டு. நாளுக்கு நாள் கால் வீங்க வீங்க, நினைப்பு கனக்கக் கனக்க, மணி மெதுவாய்ப் போயிருக்கிறது. பிள்ளை அழுதது குறையவில்லை. முப்பத்தொரு நிமிஷம் அழுத பிள்ளை ஏழு நாளும் முப்பத்தொரு நிமிஷம் அழுதிருக்கிறது. குறைந்தது இவள் ஜெபம். இவளுடைய அசதியைத்தான் மிஸ் படம் போட்டு வைத்திருக்கிறார், அதைப் பார்த்துத்தான் அந்த அப்பன் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மணப்பாறைக்குக் கூட்டிப்போகாமல் இருந்தான். ஏசுவே. பொய்க் கணக்கு எழுதவில்லை நான், உமக்குத் தெரியும், எண்ணத்தான் செய்தேன். எழுந்து போய்ச் சொல்லணும். என்ன என்று சொல்ல? ஜெபத்தால் அளந்தேன் என்றா? அப்போதுதான் அழுகை மாறுகிறது. கேட்டவுடனே தெரிகிறது, இது அம்மா அழுகை இல்லை. மேலே ஏறி, சின்னதாய் வெட்டி வெட்டி, நடுவில் மூச்சைப் பிடித்து. கால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு அழுகிற அழுகை. ஒண்ணுக்கு. இல்லை, ஒருவேளை இதுதானோ மிஸ் சொன்னது, அடங்கும் முன்னே கூடுகிறது. திரும்பினால் ஏழு நாளும் பாழ். திரும்பாவிட்டால். மார்பில் சுருக்கென்கிறது, இந்தத் தரம் வலி. கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது, அவள் தாடையைத் தோளோடு அழுத்திக்கொள்கிறாள். மிஸ் படித்தவங்க. சூசைராஜ் ஆம்பிளை, நாலு ஊர் பார்த்தவர். நமக்கு என்ன தெரியும், நம்முடையது எட்டாங்கிளாஸ் மூளை, எப்போதும் பயந்த மூளை. இன்னும் ஒரு மரியே. அது முடிந்ததும் திரும்பிவிடலாம். அருள் நிறைந்த. அதற்குள் அழுகை நின்றுவிட்டது.

குறையக்கூட இல்லை, குழாயை மூடின மாதிரி நின்றது. வகுப்பில் களிமண் தட்டுகிற சத்தமும் ஜெசிந்தாவின் வாயும் மட்டும் கேட்டன. மிஸ் முகமெல்லாம் பூரிப்பாய்க் கதவுப் பக்கம் திரும்பி, இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். "ஆயாம்மா, எத்தனை கோடு?" "அஞ்சு, மிஸ். ஆனா மிஸ், அந்தக் கோடு..." "அஞ்சா! சூப்பர்!" முத்திரையை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடினார், உடனே குத்தணும் அல்லவா. மதலேனம்மா நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தாள், கால் மரத்திருந்தது. ஏழு நாளில் முதல் தரமாக மூலையைப் பார்த்தாள். தர்ணிகா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே வாய் மேல் விரலை வைத்துக்கொண்டு. இன்னொரு கையை மிஸ்ஸிடம் நீட்டியிருந்தாள். முகத்தில் அழுகை காய்ந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. நாற்காலிக்கு அடியில் தரை நனைந்து, பச்சைப் பாவாடை கரும்பச்சையாகி, விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முத்திரை குத்தின கையோடு மிஸ்ஸும் அதைப் பார்த்துவிட்டார். "ஐயோ, தர்ணி! சொல்லக் கூடாதாம்மா?" என்றவர், சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்து, அப்படியே குந்தினார். மெதுவாக, மதலேனம்மாவைப் பார்க்காமல் கேட்டார்: "கூப்பிட்டாளா, ஆயாம்மா?" "கூப்பிட்டா மிஸ். எனக்குத் தெரிஞ்சது." மிஸ் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது, சின்னப் பெண்தானே. "அந்தக் கோடும் தப்பு மிஸ். பிள்ளை குறைக்கல, நான்தான் குறைச்சேன். எப்படின்னு பொறவு சொல்றேன், முதல்ல இதைத் தூக்கிக்கிறேன்." மிஸ் நகர்ந்து வழிவிட்டார். தூக்கினபோது பிள்ளை ஒட்டவில்லை. கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல், மூட்டை மாதிரி, தூக்கின இடத்தில் இருந்தது. குளியலறையில் மாற்றுப் பாவாடை தேடி எடுத்து, வெதுவெதுப்பாய்த் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீரையே உள்ளங்கையில் கொஞ்சம் வைத்திருந்து சூடாக்கிச் சூடாக்கிக் கழுவிவிட்டாள். தர்ணிகா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சில்லென்றிருந்தபோதுகூட ஒரு சத்தம் போடவில்லை. மதலேனம்மா வலிக்கிற முழங்காலை ஈரத்தரையில் ஊன்றி, பிள்ளையின் கண்ணுக்கு நேரே தன் முகம் வருகிற மாதிரி உட்கார்ந்தாள். பிள்ளை வேறு பக்கம் பார்த்தது. காத்திருந்தாள். மணி எண்ணவில்லை.

"தங்கம்," என்றாள், "ஆயா தப்புப் பண்ணிட்டேன். இனிமே நீ அழுதா நான் திரும்புவேன். நாளைக்கு வந்து, மெதுவாத்தான், ஆயான்னு ஒரே ஒரு சத்தம் கூப்பிட்டுப் பாரு, என்ன?"